வேலைக்குச் சிகிச்சை: நிறுவன உளவியலாளர் என்ன செய்கிறார்?

40 பேர் கொண்ட ஒரு வாடிக்கையாளர் சேவைப் பிரிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் ஏழு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். நான்கு பேர் மனச்சோர்வு, பதற்றம் என்று நீண்ட மருத்துவ விடுப்பில் இருக்கிறார்கள். கவலைப்பட்ட நிர்வாகம் ஒரு பயிற்சியாளரை அழைத்து, மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று இரண்டு மணி நேர வகுப்பு நடத்துகிறது. வகுப்பு நன்றாகவே இருக்கிறது. முடிந்து இருக்கைக்குத் திரும்பினால் ஒரு நாளைக்கு அதே 90 அழைப்புகள், அதே ஷிப்ட். விடுப்பில் போனவர்களின் பங்கும் இப்போது மிச்சமிருப்பவர்கள் தலையில்.

நிறுவன உளவியலாளர் இங்கே வேறு கேள்வியோடு வருகிறார். இந்த 40 பேரை எப்படித் தேற்றுவது என்பதைவிட, இங்கே வேலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது, அதில் எது ஆட்களை நொறுக்குகிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். ஒரே சமையலறையில் சாப்பிட்ட பத்துப் பேருக்கு வயிறு கெட்டால், பத்துப் பேருக்கும் மாத்திரை கொடுத்துவிட்டு நிற்க மாட்டோம். சமையலறையையும் போய்ப் பார்ப்போம். அப்படிப் போய்ப் பார்ப்பதற்கென்றே படித்தவர் இவர்.

யார் இவர்?

மனநல மருத்துவர் நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழிச் சிகிச்சை தருவார். மனிதவளத் துறை ஆள் சேர்ப்பு, சம்பளம், ஒழுங்கு விதிகள் ஆகியவற்றைப் பார்க்கும். நிறுவன உளவியலாளர் படித்திருப்பது, மனிதர்கள் வேலை செய்யும் இடத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை: ஆள் தேர்வு, பயிற்சி, தலைமை, குழுச் செயல்பாடு, வேலை வடிவமைப்பு. பெரும்பாலும் உளவியலில் முதுநிலைப் பட்டமோ அதற்கு மேலோ இருக்கும். அமெரிக்காவில் இவரைத் தொழில்–நிறுவன உளவியலாளர் என்பார்கள், பிரிட்டனில் பணிசார் உளவியலாளர். துறை ஒன்றுதான்.

இவர் யாருக்கும் நோய்க்குப் பெயர் வைப்பதில்லை. பேட்டியின் நடுவே ஒருவர் தற்கொலை எண்ணம் இருப்பதாகச் சொன்னால், அன்றைக்கே அவரை மருத்துவ உதவியோடு இணைக்க வேண்டும். யாரை அழைப்பது, எந்த எண்ணுக்கு, இரவில் என்றால் யாருக்கு என்பதையெல்லாம் முதல் பேட்டிக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அது கையில் இல்லாமல் பேட்டி தொடங்குவது பொறுப்பற்ற செயல்.

இத்துறை நூறாண்டைத் தாண்டியது. தொடக்கத்தில் அக்கறை முழுக்க உற்பத்தித் திறன் மீதுதான் இருந்தது. 1921இல் லண்டனில் சார்லஸ் மையர்ஸ் முன்னின்று தொடங்கிய தேசியத் தொழில் உளவியல் நிறுவனம் களைப்பு, சலிப்பு போன்றவற்றை ஆராயத் தொடங்கியது. 1951இல் எரிக் டிரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதிய கட்டுரை ஒரு திருப்பம். அதுவரை சிறு குழுக்களாகத் தங்கள் வேலையைத் தாங்களே பிரித்துச் செய்துவந்த தொழிலாளர்களை இயந்திர முறை தனித்தனி வேலைகளாக, தனித்தனி ஷிப்டுகளாகச் சிதறடித்தது. கூடவே மன உளைச்சலும் வேலைக்கு வராமல் இருப்பதும் தலைதூக்கின. தொழில்நுட்பத்தை மாற்றும்போது மனிதர்களுக்கிடையே இருந்த ஏற்பாடும் குலைகிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது.

எது மனத்தைக் கெடுக்கிறது?

வேலை அதிகம் என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அது பாதி உண்மை. 1979இல் ராபர்ட் கராசெக் ஒரு எளிய மாதிரியை முன்வைத்தார். வேலையின் நெருக்கடி ஒரு கோடு. அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை இன்னொரு கோடு. நெருக்கடி கூடி உரிமை குறையும் இடத்தில்தான் ஆபத்து மிகுதி. அதே நெருக்கடி இருந்தும் முடிவெடுக்கும் உரிமை கையில் இருந்தால், களைப்பு வரும், ஆனால் கற்றுக்கொள்ளும் உற்சாகமும் இருக்கும். பின்னர் வந்தவர்கள் சக ஊழியர்களின் ஆதரவை மூன்றாவது கோடாகச் சேர்த்தார்கள். 1996இல் யோஹன்னஸ் சீக்ரிஸ்ட் வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தார்: போடும் உழைப்புக்கு ஈடாகப் பணமோ மதிப்போ வேலைப் பாதுகாப்போ வராதபோது உடலும் மனமும் சேர்ந்து கெடுகின்றன.

நடைமுறையில் பலர் கையாளும் பட்டியல், பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 2004இல் வெளியிட்டது. அதில் ஆறு தலைப்புகள்: வேலைச்சுமை, தன் வேலை மீதான கட்டுப்பாடு, ஆதரவு, உறவுகள், பொறுப்பில் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம். இவற்றில் அதிகம் கவனிக்கப்படாதது பொறுப்பில் தெளிவு என்பது எங்கள் கணிப்பு. ஒரு மேலாளர் அழைப்பைச் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் வாடிக்கையாளர் திருப்தி மதிப்பெண் குறைந்துவிட்டது என்கிறார். இரண்டையும் ஒரே ஆள் ஒரே அழைப்பில் நிறைவேற்ற முடியாது. எதைச் செய்தாலும் தவறு என்ற நிலையில் எட்டு மணி நேரம் இருப்பவருக்கு இரவில் தூக்கம் வராததில் வியப்பில்லை.

வேலை நேரத்துக்கும் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம்.

பர்ன்அவுட் என்ற சொல்லையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு இதை நோயாக வைக்கவில்லை. சரியாகக் கையாளப்படாத, நீடித்த பணி அழுத்தத்தால் வரும் நிலை என்கிறது. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி அதன் மீது வெறுப்பு வருதல், திறமை குறைந்த உணர்வு. அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பது அந்த வரையறைக்குள்ளேயே இருக்கிறது.

உள்ளே வந்ததும் நடப்பவை

முதல் சந்திப்பில் நல்ல உளவியலாளர் நிர்வாகத்திடம் ஒன்று கேட்பார்: "முடிவுகள் கசப்பாக வந்தால் எதையெல்லாம் மாற்றத் தயாராக இருக்கிறீர்கள்?" எதையும் மாற்ற முடியாது என்றால் சர்வே எடுக்கக் கூடாது. வாயைத் திறந்து சொல்லச் சொல்லிவிட்டு ஒன்றுமே செய்யாமல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசமான விளைவைத் தரும். அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

பிறகு, ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகள். விடுப்பு, ராஜினாமா, கூடுதல் நேர வேலை, புகார்கள் ஆகியவற்றை மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஷிப்ட் வாரியாக, மாத வாரியாக, பணி அனுபவ வாரியாகப் பிரிக்க வேண்டும். நம் 40 பேர் பிரிவில் விடுப்பில் பெரும்பகுதி மாலை ஷிப்டிலிருந்து வருகிறது, அதுவும் புதிய மென்பொருள் வந்த மாதத்திலிருந்து என்று தெரியவந்தால், எங்கே தேட வேண்டும் என்பது பாதி விளங்கிவிட்டது.

அதற்கப்புறம் பேச்சு. 6 முதல் 8 பேர் கொண்ட குழு, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். ஒரே நிலையில் இருப்பவர்கள் மட்டும். மேலாளர் அறையில் இருக்கக் கூடாது, "சும்மா ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன்" என்றாலும் கூடாது. ஸ்ட்ரெஸ் இருக்கிறதா என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "நேற்று வேலையில் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள்? அப்போது யாரிடம் போனீர்கள்?" என்று கேட்டால் வேலையின் வடிவமே வெளியே வரும். அரை நாள் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, அனுமதியோடு அழைப்புகளைக் கேட்பதும் அவசியம். மனிதர்கள் பழகிப்போன சிரமங்களைச் சொல்ல மறந்துவிடுவார்கள். புதிய கண்ணுக்குத்தான் அவை தெரியும்.

சர்வே இதற்குப் பிறகுதான். கேள்விகளைச் சொந்தமாக எழுதத் தேவையில்லை, எழுதாமல் இருப்பதே நல்லது. "உங்கள் மேலாளர் நியாயமாகவும் உதவியாகவும் இருக்கிறாரா?" என்று ஒரே கேள்வியில் இரண்டைக் கேட்டால், நியாயமானவர் ஆனால் உதவாதவர் என்று நினைக்கும் ஊழியர் எதை டிக் செய்வார்? பல நாடுகளில் சோதித்துப் பார்த்த கேள்வித்தாள்கள் இருக்கின்றன. மேலே சொன்ன ஆறு தலைப்புகளை அளக்கும் பிரிட்டிஷ் கேள்வித்தாளில் 35 கேள்விகள். வேலைச் சூழலும் உறவுகளும் மனத்தை எப்படிப் பாதிக்கின்றன என்பதை அளக்கும், கோபன்ஹேகனில் உருவான உளசமூகக் கேள்வித்தாள் இன்னும் விரிவானது. பர்ன்அவுட்டை அளக்க மாஸ்லாக் அளவுகோல், 22 கேள்விகள். ஒரு எச்சரிக்கை: மாஸ்லாக் அளவுகோல் ஒரு தனி மனிதரைப் பார்த்து "இவருக்கு பர்ன்அவுட்" என்று முத்திரை குத்துவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

சர்வே பெரும்பாலும் கெட்டுப்போவது ரகசியத்தில்தான். பெயர் கேட்கவில்லை, ஆகவே ரகசியம் காக்கப்படும் என்பார்கள். ஆனால் பிரிவு, வயது, பாலினம், பணியில் சேர்ந்த ஆண்டு நான்கையும் கேட்டிருப்பார்கள். 40 பேரில் "பெண், 50 வயதுக்கு மேல், மாலை ஷிப்ட்" என்றால் அது ஒரே ஒருவராக இருக்கலாம். ஊழியர்களுக்கு இது உடனே புரியும். எல்லாவற்றுக்கும் நடுவில் டிக் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். தேவையில்லாத விவரங்களைக் கேட்காமல் இருப்பதும், பத்துப் பேருக்குக் குறைந்த குழுவின் முடிவைத் தனியாக வெளியிடாமல் இருப்பதும் பாதுகாப்பான வழி. பாதிப் பேர்கூடப் பதில் தராவிட்டால் அந்த மௌனத்தையே ஒரு முடிவாக எடுத்துக்கொண்டு, ஏன் என்று விசாரிக்க வேண்டும்.

முடிவுகளை நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஊழியர்களுக்குச் சொல்லிவிட வேண்டும், நிர்வாகத்துக்குப் பிடிக்காத பகுதிகளும் சேர்த்து.

மருந்து எங்கே போடப்படுகிறது

நம் பிரிவில் இப்படித் தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். பணத்தைத் திருப்பித் தர மேற்பார்வையாளரின் அனுமதி வேண்டும், அவர் வரும்வரை வாடிக்கையாளரின் வசவை ஊழியர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வசவு முடிந்த மறு நொடி அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது. ஷிப்ட் அட்டவணை இரண்டு நாள் முன்புதான் வருகிறது, குழந்தை, முதியோர் பராமரிப்பு எதையும் திட்டமிட முடிவதில்லை.

தீர்வுகளை உளவியலாளர் எழுதிக் கொடுப்பதில்லை. அந்த வேலையைச் செய்பவர்களையே கூட்டி உட்கார வைக்கிறார். அவர்கள் சொல்வது பெரும்பாலும் எளிமையாக இருக்கும்: ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரத்தை எங்களுக்கே கொடுங்கள். ஒருமுறை எச்சரித்தும் திட்டினால் அழைப்பைத் துண்டிக்க உரிமை வேண்டும், அதன்பின் ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். அட்டவணை மூன்று வாரம் முன்பே வரட்டும், ஷிப்டை எங்களுக்குள் மாற்றிக்கொள்ள விடுங்கள். இதில் இரண்டு அல்லது மூன்றை மட்டும் எடுத்து, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, முதலில் ஒரு ஷிப்டில் நடத்திப் பார்ப்பார்கள். 15 தீர்மானங்களை ஒரே கூட்டத்தில் எடுக்கும் நிறுவனங்கள் அநேகமாக எதையும் முடிப்பதில்லை.

இந்த வழி பலன் தருகிறதா? ஃபிராங்க் பாண்டும் டேவிட் பன்ஸும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஊழியர்களே சேர்ந்து தங்கள் வேலை முறையை மாற்றியமைத்த குழுவில் ஓராண்டு கழித்தும் மனநலமும் விடுப்புக் கணக்கும் மேம்பட்டிருந்தன. வேலை மீதான கட்டுப்பாடு கூடியதே அதற்குக் காரணம் என்று காட்டினார்கள். எதிர்ப்பக்கத்தில், வில்லியம் ஃப்ளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வு பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பேரின் தரவை எடுத்துப் பார்த்தது. மனத்திண்மைப் பயிற்சி, தியானச் செயலி, அழுத்த மேலாண்மை வகுப்பு ஆகியவற்றில் பங்கெடுத்தவர்கள், பங்கெடுக்காதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. விதிவிலக்காகத் தெரிந்தது தன்னார்வத் தொண்டு வாய்ப்பு மட்டும். ஒரே காலத்தில் எடுத்த தரவு என்பதால் காரண காரியத்தை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் பயிற்சி வகுப்பை மட்டும் நம்பியிருப்பவர்களை யோசிக்க வைக்க வேண்டிய முடிவு.

இதனால் தனிநபர் சிகிச்சை வீண் என்று ஆகிவிடாது. நோய்வாய்ப்பட்டவருக்கு அது தேவை, பலனும் உண்டு. மனச்சோர்வில் இருப்பவரிடம் "அட்டவணையை மாற்றுகிறோம், பொறுங்கள்" என்று சொல்ல முடியாது. வரும் முன் தடுப்பது, வரும்போது தாங்க உதவுவது, வந்தபின் மீட்பது என மூன்றும் வேண்டும். பணம் முழுக்க இரண்டாவதற்கே போய், முதலாவது காலியாகக் கிடக்கிறதே என்பதுதான் நம் ஆதங்கம்.

மேலாளர்களுக்கு நான்கு மணி நேரம்

பயிற்சிகளில் நிச்சயம் செலவிடத் தக்கது மேலாளர்களுக்கானது. ஆஸ்திரேலியாவில் ஒரு தீயணைப்பு, மீட்புத் துறையில் மேலாளர்களுக்கு நான்கு மணி நேர மனநலப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின்கீழ் வேலை செய்தவர்களிடையே பணி தொடர்பான நோய் விடுப்பு குறைந்தது என்று 2017இல் முடிவு வெளியானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களும் மேலாளர் பயிற்சியைப் பரிந்துரைக்கின்றன. அதே வழிகாட்டுதல்கள், எல்லா ஊழியர்களையும் மனநோய் இருக்கிறதா என்று சலித்துப் பார்க்கும் பரிசோதனைத் திட்டங்களைப் பரிந்துரைக்கவில்லை. அவற்றின் நன்மை தீமையைவிட மிகுதியா என்பது தெளிவாகவில்லை என்பது காரணம்.

மேலாளரைச் சிகிச்சையாளராக்குவது இந்தப் பயிற்சியின் வேலையல்ல. கவனிப்பது, கேட்பது, உதவியோடு இணைப்பது, அவ்வளவுதான். "உங்களுக்கு டிப்ரஷனா?" என்று கேட்பது தவறு. "இரண்டு வாரமாக உங்கள் மெயில் நள்ளிரவில் வருகிறது, கூட்டத்தில் நீங்கள் பேசுவதே இல்லை. எப்படி இருக்கிறீர்கள்?" என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்லிக் கேட்கலாம். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்வதுதான் பலருக்குக் கடினம்.

ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே மறைக்காமல் சொல்லும் துணிச்சல் இருந்ததே அதற்கு விளக்கமாக அமைந்தது. மனநலத்துக்கும் இது பொருந்தும். ஒரு பிரிவில் திடீரென்று அதிகம் பேர் சிரமத்தைச் சொல்லத் தொடங்கினால், நிலைமை மோசமாகிவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பேசும் வாசல் திறந்திருக்கலாம்.

விடுப்பிலிருந்து திரும்புகிறவர்

இங்கே நடக்கும் தவறுகள் பல, எல்லாமே தவிர்க்கக்கூடியவை. விடுப்புக் காலத்தில் ஒரே ஒருவர் மட்டும் தொடர்பில் இருக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை விடுப்பில் இருப்பவரே சொல்ல வேண்டும். அந்தப் பேச்சில் "அந்த ஃபைல் எங்கே?" என்பது வரக் கூடாது.

திரும்பும்போது நேரத்தைப் பாதியாக்கிவிட்டு டார்கெட்டை முழுசாக வைத்திருப்பது மிக அடிக்கடி நடக்கும் பிழை. எட்டு மணி நேர வேலையை நான்கு மணி நேரத்தில் செய்யச் சொல்வது தண்டனைதான். நேரம், அளவு, வகை மூன்றையும் குறைக்க வேண்டும்: முதல் இரண்டு வாரம் பாதி நேரம், கடினமான அழைப்புகள் இல்லாமல், சேர்ந்து கிடக்கும் மெயில்களை வேறொருவர் ஏற்கெனவே வடிகட்டி வைத்திருக்க. பிறகு மருத்துவரின் ஆலோசனையோடு படிப்படியாகக் கூட்டலாம். முதல் வாரம், இரண்டாம் வாரம், பிறகு 4, 8, 12ஆம் வாரங்களில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். தேறிவிட்டதுபோல் தெரியும் எட்டாவது வாரத்தில்தான் இந்தச் சந்திப்புகளைக் கைவிடுகிறார்கள். வேலை முழு அளவுக்கு ஏறும் காலமும் அதுவே. சக ஊழியர்களிடம் என்ன சொல்வது என்பதைத் திரும்புகிறவர்தான் முடிவு செய்வார். அவரை விழவைத்த காரணம், நம் உதாரணத்தில் அந்த ஷிப்ட், அப்படியே இருந்தால் மற்றதெல்லாம் செய்தும் அவர் மறுபடி விடுப்பில் போக நேரும்.

செய்யக் கூடாதவை இரண்டு

விபத்து, வன்முறை, சக ஊழியரின் மரணம் போன்றவை நடந்தால் எல்லோரையும் உடனே அறையில் கூட்டி, நடந்ததை விவரமாகச் சொல்ல வைக்கும் வழக்கம் ஒன்று இருந்தது. ஒரே அமர்வில் முடியும் இந்த முறை, பின்னால் வரக்கூடிய மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கேடும் செய்யலாம் என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. அந்த நேரத்தில் தேவை பாதுகாப்பான இடம், சரியான தகவல், குடும்பத்தோடு தொடர்பு, வேண்டியவர்களுக்குப் பேச ஆள். யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. சில வாரம் கழித்தும் தேறாதவர்களைச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, அதிகாரத்தை வைத்து ஒருவர் இன்னொருவரைத் தொடர்ந்து அவமதிக்கும் இடத்தில் இருவரையும் உட்கார வைத்துச் சமரசம் பேசுவது. அங்கே முறையான விசாரணைதான் வேண்டும். அதைக் கருத்து வேறுபாடாகச் சுருக்கும் உளவியலாளர் பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை காயப்படுத்துகிறார்.

பலன் தெரிய எவ்வளவு நாள்?

ஆறு மாதத்தில் முதல் பார்வை, ஓராண்டில் மறு சர்வே என்பது நியாயமான கால அளவு. மிக மோசமான நேரத்தில் அளந்த பிரிவு, ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த அளவையில் சற்றுத் தேறியதுபோல் தெரியும். அதனால் மாற்றம் செய்யாத இன்னொரு ஷிப்டின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தீர்மானித்த மாற்றம் உண்மையிலேயே நடந்ததா என்பதையும் சரிபார்க்க வேண்டும். ஐந்து நிமிட இடைவெளி காகிதத்தில் இருந்து, கூட்டம் அதிகமான மாலைகளில் மேற்பார்வையாளர் அதை ரத்து செய்துகொண்டிருந்தால், திட்டம் தோற்றது என்று சொல்ல முடியாது. அது தொடங்கவே இல்லை. இந்த வேலையை ஒரு முறைமையாக நடத்த விரும்பும் நிறுவனங்களுக்கு சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2021இல் வெளியிட்ட 45003 என்ற வழிகாட்டி இருக்கிறது. பணியிடத்தில் மனநலப் பாதுகாப்பை உடல் பாதுகாப்போடு ஒரே கட்டமைப்பில் வைத்து நடத்துவது எப்படி என்று அது சொல்கிறது.

உங்கள் நிறுவனத்துக்கு ஒரு நிறுவன உளவியலாளர் வந்து உங்களைப் பேச அழைத்தால், பேசத் தொடங்கும் முன் அவரிடம் கேளுங்கள்: நான் சொல்வதை யார், எந்த வடிவத்தில் பார்ப்பார்கள்? எந்தச் சூழலில் நீங்கள் ரகசியத்தை உடைக்க வேண்டியிருக்கும்? முடிவுகள் எங்களுக்கு எந்தத் தேதியில் வரும்? அவருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம், கேட்க வேண்டியது உங்கள் குரலை. இந்த இரட்டை நிலையை அவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று கேள்விக்கும் தயங்காமல் பதில் தருபவரிடம் மாலை ஷிப்டைப் பற்றி மனம்விட்டுப் பேசலாம்.